ஆய்வுக்குத் தயாரான காடு

என் அக்காவை இதுவரை ஒரே ஒரு அரசாங்க அதிகாரிதான் பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் அன்றைக்கு அவளைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் எங்களுக்கு நல்லது நடந்திருக்கும்.

எங்கள் காடு ஏழாயிரம்பண்ணையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மானாவாரி நிலத்தைக் காடு என்று சொல்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். மற்றபடி அங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கரிசல் மண், இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். அப்பாவுக்குப் பிறகு பட்டா அக்கா பெயருக்கு மாறியது. அவள் மக்காச்சோளம் போட்டாள். மேற்கே வரப்பைத் தாண்டினால் பட்டாசுக் கம்பெனிக்காரர்களின் நிலம். அதற்கும் அப்பால் கம்பெனியின் சின்னச் சின்ன ரூம்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். அக்கா வேலை பார்த்தது அங்கேதான்.

அக்காவைக் கட்டிய மாமா லாரி ஓட்டப்போன இடத்தில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அதிலிருந்து அக்காவும் தங்கச்சியுமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் டிசைன் செய்கிறேன். அப்பா சொத்தில் தனக்குக் காடு வந்தது, எனக்குக் கோபம் வந்தது என்று அக்கா கேலி பேசுவாள். அவள் சொல்வது சரிதான். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் லேசில் போகாது.

அக்கா பல வருஷம் மருந்து ரூமில் இருந்தவள். மருந்து என்றால் வெடிமருந்து. அதைக் குழாயில் அடைக்கிற வேலை. கூலி கூடுதல், அதனால் அங்கே போனாள். ஒரு கோடையில் பக்கத்து ரூம் வெடித்தது. "பக்கத்து ரூம் போயிருச்சு" என்று மட்டும்தான் அவள் சொல்வாள், வெடித்தது என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மத்தியானம் இவளோடு தூக்குவாளியைத் திறந்து குழம்பு மாற்றிக்கொள்ளும் பெண்கள் அந்த ரூமில் இருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், இனிமேல் செத்தாலும் மருந்து ரூமுக்குப் போவதில்லை என்றாள். காட்டைப் பார்த்துக்கொள்வது, மக்காச்சோளம் கைக்கு வந்ததும் கறவை மாடு வாங்குவது, வீட்டோடு இருப்பது. இதுதான் அவள் போட்ட திட்டம். அந்தத் திட்டம் பலிக்க வேண்டும் என்று நான் எந்தச் சாமியையும் விடாமல் கும்பிட்டேன், அவள் மறுபடி கம்பெனி வேனில் ஏறுவதை என்னால் பார்க்க முடியாது.

அந்த வருஷம் பயிர் நன்றாக வந்தது. ஆளை மறைக்கிற உயரம். கருது முற்றி வருகிற நேரத்தில், மார்கழி பிறந்த கையோடு காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. மழை விட்ட அன்று காலையில் நானும் அக்காவும் காட்டுக்குப் போனோம். பாதிக்கு மேல் படுத்துக் கிடந்தது. மேற்கு வரப்போரம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கருதைப் பிரித்துப் பார்த்தால் மணிகள் உள்ளேயே முளைவிடத் தயாராக ஊதியிருந்தன. அக்கா ஒரு கருதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அழவில்லை. நான் செல்போனில் படம் எடுத்தேன்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பயிருக்கெல்லாம் அரசாங்கம் இடுபொருள் மானியம் கொடுக்கும், அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துக் கணக்கெடுப்பார்கள் என்று டி.வி.யில் சொன்னார்கள். எனக்குப் பாதி உயிர் வந்தது. முழு விளைச்சலுக்கு ஈடாகாது, ஆனால் மிஞ்சிய கருதையும் விற்று அதையும் சேர்த்தால் ஒரு மாடாவது வரும். "வந்தாகன்னா நல்லாக் காமிச்சு விடுக்கா" என்று சொல்லிவிட்டு நான் அச்சகத்துக்கு ஓடினேன். காலண்டர் சீசனின் கடைசி வாரங்கள். அந்த நேரத்தில் லீவு கேட்டால் வேலையையே கேட்டது மாதிரி முறைப்பார்கள்.

இரண்டொரு நாளில் வி.ஏ.ஓ. ஆபீஸ் ஆள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "நாளைக்கு ஆய்வுக்கு வர்றாக, ரெடியா இருந்துக்கங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான். அக்கா ரெடியானாள்.

மறுநாள் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கை காலெல்லாம் சேறு காய்ந்து கிடந்தது. முகம் மட்டும் அப்படி ஒரு தெளிவு. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அதிகாரிக வந்துட்டுப் போயிட்டாக. நம்ம காட்டப் பாத்துட்டு, நல்லா வச்சிருக்கீங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாக."

"நல்லா வச்சிருக்கியா? என்னத்த நல்லா வச்சிருக்க?"

"விடியிறதுக்குள்ள போயிட்டோம்ல. தெருவுல ரெண்டு பொம்பளையாளக் கூப்பிட்டுக்கிட்டேன். சாஞ்சதெல்லாம் நிமுத்திக் கட்டியாச்சு. நிமுத்த முடியாதத அறுத்துக் கொண்டுபோயி ஓடைக்கரையில போட்டுத் தார்ப்பாயி போட்டு மூடிட்டோம். தண்ணிய வெட்டிவிட்டு, பாதையெல்லாம் செதுக்கிவிட்டு, அவுக உக்காரச் சேர்கூட வீட்டுலருந்து கொண்டு போனேன்."

"உங்கிட்ட என்ன கேட்டாக?" என்றேன்.

"சேதம் எம்புட்டும்மா இருக்கும்னாக."

"நீ என்ன சொன்ன?"

"சேதமெல்லாம் ஒண்ணுமில்லங்கய்யா, எல்லாம் சரியா இருக்குன்னேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கு என்னவோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "ஏளா, அதிகாரி வர்றாகன்னா போட்டது போட்டபடியா விட்டுட்டு நிக்க முடியும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அச்சகத்திலேயே சிரித்தார்கள். நிவாரணம் கொடுக்க வந்தவரிடம் சேதமில்லை என்று சொல்கிற ஆளும் இந்தக் காலத்தில் உண்டா என்று. அவர்களில் ஒருவர்கூடப் பட்டாசு ரூமில் உட்கார்ந்தது கிடையாது.

அக்கா தன் வாழ்நாளில் பார்த்த ஆய்வெல்லாம் கம்பெனி ஆய்வுதான். ஆய்வுக்கு வருகிறார்கள் என்று எப்படியோ முன்கூட்டியே சேதி வந்துவிடும். உடனே மேனேஜர் விரட்ட, போர்மேன் ரூம் ரூமாக ஓடி வருவார். சிந்தின மருந்தைக் கூட்டித் துடைக்க வேண்டும். வெளியே காயப்போட்ட சரக்கைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு ரூமுக்கு இத்தனை பேர் என்று சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் இருக்கிற ஆட்கள் பின்பக்கமாக வெளியேறிச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மிச்சம் இருக்கிறவர்களிடம் அதிகாரி ஏதாவது கேட்டால், எல்லாம் சரியா இருக்குங்கய்யா. வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு முறை ஒரு புதுப்பெண் கை எரிகிறது என்று உண்மையைச் சொல்லி, மறுநாளிலிருந்து வேன் அவள் வீட்டு முன்னால் நிற்காமல் போய்விட்டது. அதைப் பார்த்த எல்லாருக்கும் பாடம் நன்றாக ஏறியது.

இப்படிப் பல வருஷம் பழக்கப்பட்டவளிடம் போய், நாளைக்கு ஆய்வு, ரெடியா இருங்க என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? விளக்குமாற்றைத்தான் எடுப்பாள். அதிகாரி என்றால் குறையைக் காட்ட வேண்டிய ஆள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததே இல்லை. நானும் 'நல்லாக் காமிச்சு விடு' என்றுதான் சொன்னேன். அவள் நல்லபடியாகத்தான் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். ஆனால் வாசலில் நின்று யோசிக்க யோசிக்கக் கோபம் அவளை விட்டு விலகி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

காலையில் வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டேன். சேதத்தை எடுத்த படம் என் செல்போனில் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன். அவர் நல்ல மனுஷர்தான், பொறுமையாகப் பேசினார். "அதெல்லாம் செல்லாதும்மா. நாங்க நேர்ல வந்து எங்க ஆப்ல எடுக்குற போட்டோதான் ஏறும். உங்க காட்டுல நின்னு எடுத்ததுல பயிரு நிமிந்து நிக்குது. நான் என்ன செய்ய?" என்றார். மறுபடி வந்து பாருங்கள், ஓடைக்கரையில் தார்ப்பாய்க்கு அடியில் அறுத்துப்போட்ட சோளத்தட்டை எல்லாம் அப்படியே கிடக்கிறது என்றேன். ஒரு தடவை ஏற்றியதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம். மேலே கேட்கச் சொன்னார். மேலே என்றால் எங்கே என்று கேட்டதற்கு, மேலேதான் என்றார்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் விதி என்று ஆறியிருப்பேனோ என்னவோ. மானியம் வந்தபோதுதான் மேற்கு வரப்புக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரிந்தது. கம்பெனி நிலத்திலும் வாட்ச்மேனை வைத்து மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். அதே காற்று, அதே மழை. சாய்ந்ததை அவர்கள் நிமிர்த்தவில்லை. தேங்கிய தண்ணீரை வெட்டிவிடக்கூட இல்லை. ஆய்வு முடியும்வரை ஒருத்தனும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். அதிகாரிகள் வந்த அன்று மேனேஜரே பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, முளைவிட்ட கருதைப் பிடுங்கிப் பிடுங்கிக் காட்டியிருக்கிறார். வாட்ச்மேனே என்னிடம் இதைச் சொன்னார், அவருக்கு அதில் பெருமை வேறு. முதலாளி வீட்டுப் பட்டாவுக்கு மானியம் ஏறிவிட்டது. விதைத்த வாட்ச்மேனுக்கு ஒரு வேட்டி.

அதே மேனேஜர்தான். தன் கம்பெனிக்கு அதிகாரி வந்தால் எதை மறைக்க வேண்டும் என்று என் அக்காவுக்குப் பழக்கிக் கொடுத்த அதே ஆள், தன் காட்டுக்கு அதிகாரி வந்தால் எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். படிப்பில் பாதியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அக்காவோ அவரைக் குறை சொல்லவில்லை. "அவுகளுக்கு வெவரம் பத்துது" என்றாள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மாதம் ஒரு தடவை விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். அக்கா வரமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. பட்டா அவள் பெயரில் இருக்கிறது, அவள் வந்தால்தான் பேச முடியும் என்று கையைப் பிடித்து இழுத்து பஸ் ஏற்றினேன். மனுவை நானே அச்சகத்தில் உட்கார்ந்து டைப் செய்து வைத்திருந்தேன். எனக்கு அது ஒன்று நன்றாக வரும்.

எங்களைப் பார்த்த அதிகாரி மனுவை முழுக்கப் படித்தார். அப்படிப் படிக்கிறவர்கள் குறைவு, அதனால் எனக்கு நம்பிக்கை வந்தது.

"உங்க அக்காவே சேதமில்லைன்னு சொல்லியிருக்காங்களேம்மா" என்றார்.

ஏன் சொன்னாள் என்று விளக்கினேன். கம்பெனியில் ஆய்வு என்றால் எப்படி நடக்கும், ஆட்களை எங்கே ஒளித்து வைப்பார்கள், கேட்டால் என்ன சொல்லச் சொல்வார்கள், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பழக்கத்தில்தான் காட்டையும் சுத்தம் செய்துவிட்டாள், அவளை நம்புங்கள் என்றேன். பக்கத்தில் அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றது பெரிய விஷயம்மா. ஒரு ரூம்ல கூடுதல் ஆள் வைக்கிறதும், ஆய்வப்ப மறைக்கிறதும் உயிர் சம்பந்தப்பட்ட குத்தம். எந்தக் கம்பெனின்னு எழுதிக் கொடுங்க. நான் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புறேன். அது உண்மைன்னு விசாரணையில வந்தா, உங்க அக்கா பழக்கத்துல சொல்லிட்டாங்கங்கிறதுக்கும் ஒரு ஆதாரம் ஆகும். அப்ப மறு ஆய்வுக்குப் பரிந்துரை பண்றேன்." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் அவரே கொடுத்தார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நியாயமாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எழுத வேண்டியதுதான் என்று தாளை இழுத்து, மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கிவிட்டேன். கம்பெனி பெயரின் முதல் எழுத்தைப் போடும்போது அக்காவின் கை வந்து தாளின் மேல் விழுந்தது.

"எழுதாதளா" என்றாள்.

"கைய எடுக்கா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். "இவ கோவத்துல என்னத்தையாவது சொல்லுவாய்யா. கம்பெனியில அப்படியெல்லாம் ஒண்ணுங் கெடையாது. நாந்தான் காட்டுல புத்தியில்லாமச் செஞ்சிட்டேன். மன்னிச்சுக்கங்க."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும், புரியாமல் இருக்க அவர் ஒன்றும் வெளியூர் இல்லை. ஆனாலும் மனுவில் ஏதோ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓரமாக வைத்தார். பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாத்தூர் வரும்வரை நான் வாயை மூடவில்லை. உனக்கு மூளை இருக்கிறதா, உன்னோடு சாப்பிட்டவர்கள் கருகிப்போனார்களே அவர்களுக்காகவாவது எழுத விட்டிருக்கக் கூடாதா, இவர்களுக்குப் போய் இப்படி விசுவாசம் காட்டுகிறாயே என்று எதையெல்லாமோ கேட்டேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசி ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நீ எழுதிப்போட்டுட்டு நாளைக்குப் பிரஸ்ஸுக்குப் போயிருவ. கம்பெனிய மூடிட்டாகன்னா நம்ம தெருவுல அம்புட்டுப் பேரும் வாசல்ல வந்து நிப்பாக. அவுகளுக்கு நான் என்ன சொல்ல? நம்ம ஊருக்கு வர்ற வேனு அது ஒண்ணுதான். இனி நானும் அதுலதான ஏறணும்."

ஏறணும் என்றாள். பஸ்ஸில் வைத்துத்தான் முதல்முதலாக அதைச் சொன்னாள்.

அவள் பேக்கிங் பிரிவிலோ லேபிள் ஒட்டுகிற இடத்திலோ கேட்டுப் பார்த்தாள். அங்கெல்லாம் ஆள் நிறைந்துவிட்டது. மருந்து ரூமில்தான் இடம் இருக்கிறது, அவளுக்குக் கைப்பழக்கமும் உண்டு என்று மேனேஜர் பெருந்தன்மையாகச் சொன்னாராம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். அக்கா வந்து என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "கூலி அங்கதான் கூட" என்று சேர்த்துக்கொண்டாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது அது.

மருந்து ரூமுக்குப் போகிறவர்கள் பருத்திச் சேலைதான் உடுத்த வேண்டும். பளபளவென்று இருக்கிற சேலை உரசினால் பொறி பறக்கும், ஒரு பொறி போதும். மற்ற சட்டமெல்லாம் காற்றில் போனாலும் இதை மட்டும் வேன் ஏறும்போதே பார்ப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அக்கா வெளுத்துப்போன ஒரு பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு தூக்குவாளியோடு நின்றாள். வேன் வந்தது. கண்டக்டர் மாதிரி படியில் தொங்கிக்கொண்டு வந்த பையன் அவள் முந்தானையைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "சோறு வடிச்சு வச்சிருக்கேன், தின்னுட்டுப் போளா" என்றாள்.

வீட்டுக்குள் வந்து பார்த்தால், என் படுக்கைமேல் அவளுடைய நல்ல சேலைகள் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. மாமா எடுத்துக் கொடுத்தது, நான் என் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது, ஊர்ப் பொங்கலுக்கு மட்டும் கட்டுவது. எதற்கு என்று சாயங்காலம் கேட்டேன். "இனி எனக்கு எதுக்குளா, நீயே கட்டிக்கோ" என்றாள், உப்பு எடுத்துக்கோ என்று சொல்வதுபோல. நான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் அவள் பெட்டியில் திணித்து மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.